கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள இடைவெளி

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு கிளாட். கிளாட் 2025 தேர்வு 2024 டிசம்பர் 1 அன்று நடந்தது. விடைக்குறிப்பில் பிழைகள் இருப்பதாகப் பல மாநிலங்களில் மாணவர்கள் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். அந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. விவகாரம் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கே வந்து 2025 மே மாதத்தில்தான் முடிந்தது. நான்கு விடைகளில் எது சரி என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கும் நிலை வந்ததைப் பார்த்தால் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. பத்தியைப் படித்து யோசித்துச் சொல்லும் கேள்விக்குக் கணக்கைப் போல ஒரே விடை இருக்க முடியுமா? குறிப்பாக, வாதங்களை ஆராயும் திறனைச் சோதிக்கும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில், "எனக்கு இதுவும் சரியாகத்தான் படுகிறது" என்று சொல்லாத மாணவர் குறைவு.

பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரே விடைதான் உண்டு. கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியாதபோதுதான் இரண்டு விடைகள் சமமாகத் தெரிகின்றன. பொது அறிவும் ஆங்கிலப் புலமையும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

தேர்வில் இந்தப் பகுதியின் இடம்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் கிளாட், 2008-ல் தொடங்கியது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர இந்தத் தேர்வை எழுத வேண்டும். அரசு சட்டக் கல்லூரிகளின் சேர்க்கை வேறு. அது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழியாக, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளாட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது.

2019 வரை 200 கேள்விகள் இருந்தன. 2020-ல் 150 ஆகக் குறைத்தார்கள். கிளாட் 2024 முதல் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். இதில் லாஜிக்கல் ரீசனிங் 22 முதல் 26 கேள்விகள், அதாவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

எண்ணிக்கையைவிடப் பெரிய மாற்றம் 2020-ல் கேள்வியின் வடிவத்தில் வந்தது. அதற்கு முன் உறவுமுறைக் கணக்கு, வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார், எழுத்துகளை மாற்றிப் போடும் கோடிங் போன்றவை தனித்தனியாக வந்தன. இப்போது சுமார் 450 சொற்களில் ஒரு பத்தி, அதன் கீழே தொடர் கேள்விகள். வாதத்தை இனம்காண்பது, ஆதாரத்தையும் முடிவையும் பிரிப்பது, முடிவு எந்த ஆதாரத்தைச் சார்ந்து நிற்கிறது என்று பார்ப்பது, படித்ததைப் புதிய சூழலுக்குப் பொருத்துவது, முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றையே சோதிப்பதாகக் கூட்டமைப்பு அறிவித்திருக்கிறது. வங்கித் தேர்வுக்கான ரீசனிங் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குத் தயாராக முடியாததற்குக் காரணம் இதுதான். ஆனால் நிபந்தனைகளை வைத்து வரிசைப்படுத்தும் புதிர்கள் திரும்ப வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவற்றுக்கும் ஒதுக்குவது நல்லது.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்விலும் இதே போக்கைப் பார்க்கலாம். மாணவர்கள் லாஜிக் கேம்ஸ் என்று அழைத்துவந்த புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்ட் முதல் நீக்கப்பட்டுவிட்டது. படம் வரைந்து விடை காணும் அந்தப் பகுதி பார்வையற்றோருக்குப் பாதகமாக இருப்பதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2019-ல் ஏற்பட்ட சமரசம்தான் அதற்குத் தொடக்கம். அந்த இடத்தில் 35 நிமிட லாஜிக்கல் ரீசனிங் இன்னொன்று வந்ததால், இப்போது அங்கே மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு இந்த வகைதான். கீழே சொல்லும் முறை இரண்டு தேர்வுகளுக்கும் பொருந்தும்.

மூன்று சொற்கள்

வாதம் என்றால் இங்கே சண்டையில்லை. ஒரு கருத்தை ஏற்கச் சொல்லி, அதற்குக் காரணம் காட்டுவது வாதம். அதில் மூன்று உறுப்புகள் உண்டு.

1. ஆதாரம். வினாத்தாளில் பிரெமிஸ் என்று வருவது. எழுதியவர் நம்மை அப்படியே ஏற்கச் சொல்லும் தகவல். இது உண்மையா என்று நாம் சோதிக்க வேண்டியதில்லை. பத்தி சொன்னால் சொன்னதுதான்.

2. முடிவு. கன்க்லூஷன். ஆதாரத்தைக் காட்டி எழுதியவர் நிறுவ முயல்வது. இது பத்தியின் கடைசியில்தான் வரும் என்று விதி எதுவும் இல்லை. முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிட்டு மீதிப் பத்தி முழுக்கக் காரணம் அடுக்குவது பத்திரிகைத் தலையங்கங்களின் வழக்கம். கிளாட் பத்திகள் பெரும்பாலும் அந்தப் பாணியில்தான் இருக்கும்.

3. எடுகோள். அசம்ஷன். எழுதியவர் சொல்லாமல் விட்டது, ஆனால் அது இல்லாமல் ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போகவே முடியாது.

முடிவு எது என்று தெரியாவிட்டால், இரண்டு வாக்கியங்களை எடுத்து நடுவே "ஏனென்றால்" போட்டுப் பாருங்கள். "அரசு நிதி ஒதுக்க வேண்டும், ஏனென்றால் கிணறுகளில் நீர் உயர்ந்தது" என்பது பொருந்துகிறது. திருப்பிப் போட்டால், "கிணறுகளில் நீர் உயர்ந்தது, ஏனென்றால் அரசு நிதி ஒதுக்க வேண்டும்" என்று அபத்தமாகிறது. "ஏனென்றால்" என்பதற்கு முன்னால் நிற்க முடிந்ததுதான் முடிவு. தேர்ஃபோர், ஹென்ஸ், தஸ் போன்ற சொற்களுக்குப் பின் முடிவும், சின்ஸ், பிகாஸ், ஃபார் போன்றவற்றுக்குப் பின் ஆதாரமும் வரும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல கேள்வித்தாள் தயாரிப்பவர் இந்தச் சொற்களை வேண்டுமென்றே நீக்கிவிடுவார். சொல்லை மட்டும் தேடிப் பழகியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

ஓர் ஏரி, முப்பது கிணறுகள்

விளக்கத்துக்காக எழுதிய ஒரு சிறு பத்தி:

"சென்ற கோடையில் எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரினார்கள். அடுத்து வந்த தை மாதத்தில் ஏரியைச் சுற்றியுள்ள 30 கிணறுகளை அளந்தபோது, 24 கிணறுகளில் முந்தைய தையைவிட நீர்மட்டம் உயர்ந்திருந்தது. ஆகவே தூர்வாரியதால்தான் நீர்மட்டம் உயர்ந்தது. மாவட்டத்தின் மற்ற ஏரிகளையும் தூர்வாரினால் அங்கேயும் கிணறுகளில் நீர் பெருகும். இதற்கு அரசு உடனே நிதி ஒதுக்க வேண்டும்."

படித்ததும் தலையாட்டத் தோன்றும். தூர்வாருவது நல்லதுதானே என்று மனம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட நிமிடமே கேள்வி கைவிட்டுப் போகிறது. உங்களுக்கு உடன்பாடான கருத்துள்ள பத்தியில்தான் ஓட்டை கண்ணில் படாது.

இதில் மூன்று தாவல்கள் இருக்கின்றன.

1. தூர்வாரிய பிறகு நீர் உயர்ந்தது என்ற தகவலிலிருந்து, தூர்வாரியதால் உயர்ந்தது என்ற முடிவுக்கு.

2. இந்த ஏரியில் நடந்தது என்பதிலிருந்து, மற்ற ஏரிகளிலும் நடக்கும் என்பதற்கு.

3. பலன் கிடைக்கும் என்பதிலிருந்து, அரசு உடனே பணம் போட வேண்டும் என்பதற்கு.

முதல் தாவலின் முடிவே இரண்டாவதற்கு ஆதாரமாகிறது, இரண்டாவதன் முடிவு மூன்றாவதற்கு. நடுவில் வரும் இப்படிப்பட்ட முடிவை இடைமுடிவு என்று வைத்துக்கொள்வோம். "ஆசிரியரின் முதன்மை முடிவு என்ன?" என்று கேட்டால் விடை கடைசி வரியான நிதி ஒதுக்கீடுதான். "தூர்வாரியதால்தான் உயர்ந்தது" என்பதும் விடைகளில் இருக்கும். ஆகவே என்ற சொல் அதன் முன்னால் இருப்பதால் பலர் அதைக் குறித்துவிடுவார்கள்.

இனி ஒவ்வொரு வகைக் கேள்வியையும் இந்த ஏரியை வைத்தே பார்க்கலாம்.

முதலில் வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது என்ற கேள்வி. "தூர்வாரியதால்தான் நீர்மட்டம் உயர்ந்தது என்ற முடிவைப் பின்வருவனவற்றில் எது மிகவும் பலவீனப்படுத்துகிறது?"

(அ) தூர்வாரத் திட்டமிட்டதைவிட இருமடங்கு செலவானது.
(ஆ) தூர்வாராத பக்கத்து ஊர் ஏரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் அதே தையில் அதே அளவு நீர்மட்டம் உயர்ந்திருந்தது.
(இ) அளந்த கிணறுகளில் 6-ல் நீர்மட்டம் உயரவில்லை.
(ஈ) மாவட்டத்தின் பல ஏரிகளுக்கு நீர் வரும் வாய்க்கால்களே அழிந்துவிட்டன.

(அ) செலவைப் பற்றியது. மூன்றாவது தாவலைத் தொடுகிறது, கேட்டது முதல் தாவலை. (ஈ) உண்மையிலேயே நல்ல எதிர்வாதம், ஆனால் அது இரண்டாவது தாவலைத்தான் உடைக்கிறது. கேள்வியை அவசரமாகப் படித்தவர் இங்கேதான் விழுவார். (இ) பத்தியில் ஏற்கெனவே உள்ள தகவல். 30-ல் 24 என்று சொன்னபோதே மீதி ஆறு தெரிந்துவிட்டது, புதிதாக எதுவும் ஆட்டம் காணவில்லை. விடை (ஆ). தூர்வாராத இடத்திலும் அதே விளைவு என்றால், மழை போன்ற வேறொரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுக்கிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. (ஆ) அந்த முடிவைப் பொய் என்று நிரூபிக்கவில்லை. நிரூபிக்கத் தேவையும் இல்லை. நான்கில் எது அதிகம் ஆட்டுகிறது என்பதுதான் கேள்வி.

வலுப்படுத்தும் கேள்விக்கு இதையே திருப்பிப் போட்டால் போதும். "அதே மழை பெய்தும் தூர்வாராத பக்கத்து ஊர்களில் நீர்மட்டம் உயரவில்லை" என்பது வாதத்துக்குத் தூணாகிறது. இரண்டு வகைக்கும் தேட வேண்டிய இடம் அதே இடைவெளிதான்.

அடுத்தது எடுகோள் கேள்வி. இதற்கு மறுத்துப் பார்க்கும் சோதனையைவிட நம்பகமான கருவி கிடையாது. விடையை எதிர்மறையாக்கிப் படியுங்கள். வாதம் விழுந்தால் அது எடுகோள். விழாமல் நின்றால் அது எடுகோள் இல்லை. இரண்டு விடைகளை ஒப்பிடலாம்.

"நீர்மட்ட உயர்வு முழுவதும் மழை மிகுதியால் மட்டுமே ஏற்பட்டதல்ல." மறுத்தால்: உயர்வு முழுவதும் மழையால் மட்டுமே ஏற்பட்டது. தூர்வாரியதால்தான் என்ற முடிவு உடனே சரிகிறது. இது எடுகோள்.

"கிணற்று நீர்மட்டத்தை ஏரியைத் தவிர வேறு எதுவுமே பாதிக்காது." மறுத்தால்: ஏரியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் பாதிக்கும். பாதிக்கட்டுமே, இந்த ஆண்டு அந்த வேறொன்று மாறாமல் இருந்திருக்கலாம். வாதம் நிற்கிறது. ஆகவே இது எடுகோள் இல்லை. இது உண்மையானால் வாதத்துக்குப் பெரிய பலம்தான், ஆனால் வாதத்துக்கு இவ்வளவு தேவையில்லை. எடுகோள் கேள்வியில் அடக்கமாகப் பேசும் விடை ஜெயிப்பதும், எதுவுமே, எப்போதும், மட்டுமே என்று முழங்கும் விடை தோற்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

மறுக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. "எல்லாக் கிணறுகளும் நிரம்பின" என்பதன் மறுப்பு "எந்தக் கிணறும் நிரம்பவில்லை" என்பதல்ல. "ஒரு கிணறாவது நிரம்பவில்லை" என்பதே. தமிழில் யோசிக்கும்போது இது இன்னும் வழுக்கும். "எல்லாரும் வரவில்லை" என்று நாம் பேச்சில் சொன்னால், ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர்தான் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். தேர்வில் இந்த இரண்டும் இருவேறு விடைகள்.

மூன்றாவது, இன்ஃபரன்ஸ் எனப்படும் உய்த்துணர் கேள்வி. "பத்தியிலிருந்து எதை உறுதியாகப் பெறலாம்?" இங்கே இடைவெளியைத் தேடக் கூடாது, பத்தியின் தகவலுக்குள்ளேயே நிற்க வேண்டும். "மீதி 6 கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது" என்ற விடை இருந்தால் சரியா? இல்லை. உயரவில்லை என்பது இறங்கியது ஆகாது, அப்படியே இருந்திருக்கலாம். "24 கிணறுகள் நிரம்பின"? உயர்வது வேறு, நிரம்புவது வேறு. "அளந்த கிணறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நீர்மட்டம் முந்தைய தையைவிட உயர்ந்திருந்தது" என்பதுதான் விடை. இவ்வளவு சப்பையாக இருக்கிறதே, இதற்கா ஒரு கேள்வி என்று தோன்றும். உய்த்துணர் கேள்வியின் சரியான விடை பல நேரம் சப்பையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

பிழையைச் சுட்டும் கேள்விக்கு, "ஒன்றின் பின் ஒன்று நடந்ததை, ஒன்றால் ஒன்று நடந்ததாகக் கொள்கிறது" என்பது விடை. ஒத்த வாதத்தைத் தேடச் சொன்னால், ஏரி, கிணறு என்று வரும் விடையை விட்டுவிட்டு, இதே எலும்புக்கூடு உள்ளதை எடுக்க வேண்டும். பள்ளியில் புது மணி வாங்கிய பிறகு வருகை கூடியது, ஆகவே மணிதான் காரணம், எல்லாப் பள்ளிகளிலும் வாங்கினால் வருகை கூடும் என்பது போல.

காரண வாதத்தில் எப்போதும் தேட வேண்டியவை

கிளாட், எல்சாட் இரண்டிலும் "இதனால் அது" என்ற வகை வாதம் அடிக்கடி வருகிறது. அதை உடைக்கும் வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை.

1. வேறு காரணம். ஏரியில் பார்த்தது.

2. தலைகீழ்க் காரணம். செய்தித்தாள் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், ஆகவே செய்தித்தாள் படிப்பை வளர்க்கிறது என்றால், படிக்கும் பிள்ளை கேட்டதால் செய்தித்தாள் வாங்க ஆரம்பித்த வீடாகவும் இருக்கலாம்.

3. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது. அந்த வீட்டின் வசதியே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம்.

4. அளவையில் பிழை. அளந்த முறையோ, அளந்த இடமோ மாறியிருக்கலாம்.

சதவீதத்தையும் எண்ணிக்கையையும் கலக்கும் வாதம் இதற்கு நெருங்கிய உறவு. "இருசக்கர வாகன விபத்துகளில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நடக்கின்றன, ஆகவே தொலைதூரப் பயணமே பாதுகாப்பு" என்று ஒரு பத்தி சொன்னால், வண்டி ஓட்டுவதே பெரும்பாலும் அந்த 5 கிலோமீட்டருக்குள்தானே என்று கேட்க வேண்டும்.

"ஆல்", "ஆல்தான்", "ஒழிய"

நிபந்தனை வாக்கியங்களில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுகிறோம். ஆங்கிலத்தில் இஃப், ஒன்லி இஃப், அன்லெஸ் மூன்றும் மாணவர்களைப் படாத பாடு படுத்துகின்றன. தமிழில் அவற்றின் வேறுபாடு பேச்சிலேயே துல்லியமாக இருக்கிறது.

"வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம்." இது இஃப். 75 இருப்பது போதுமானது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. மருத்துவச் சான்று காட்டி எழுத வழி இருக்கலாம்.

"வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுதலாம்." இது ஒன்லி இஃப். 75 இருப்பது அவசியம். ஆனால் 75 இருந்தால் மட்டும் எழுதிவிட முடியுமா என்று இது சொல்லவில்லை. கட்டணம் கட்டாமல் இருக்கலாம். இதிலிருந்து உறுதியாகப் பெறக்கூடியது: ஒருவர் தேர்வு எழுதுகிறார் என்றால் அவருக்கு 75 இருக்கிறது.

"கட்டணம் கட்டினால் ஒழிய ஹால் டிக்கெட் கிடைக்காது." இது அன்லெஸ். ஹால் டிக்கெட் கிடைத்தவர் கட்டணம் கட்டியவர். கட்டியவருக்கெல்லாம் கிடைத்ததா என்பது தெரியாது.

ஒரு சின்ன "தான்" அம்பின் திசையையே திருப்பிவிடுகிறது. ஆங்கில வாக்கியத்தில் இஃப் வகைச் சொல் வந்ததும், மனதுக்குள் "ஆலா, ஆல்தானா" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, ஓரத்தில் அம்புக்குறி போட்டுக்கொள்வது பெரிய உதவி. அம்பின் வால் பக்கம் போதுமானது, முனைப் பக்கம் அவசியமானது.

அம்பு போட்ட பிறகு செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: இரண்டு பக்கத்தையும் மறுத்து, இடம் மாற்றுவது. நம் தருக்க மரபின் பழைய எடுத்துக்காட்டு இதற்கு அப்படியே பொருந்தும். மலையில் புகை தெரிகிறது, புகை இருக்கும் இடத்தில் நெருப்பு உண்டு, ஆகவே மலையில் நெருப்பு உண்டு. புகையிலிருந்து நெருப்புக்கு அம்பு. மறுத்துத் திருப்பினால்: நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை. இதுவும் உண்மை. ஆனால் "நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு" என்று வெறுமனே திருப்பினால் தவறு, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. "புகை இல்லாவிட்டால் நெருப்பு இல்லை" என்று திருப்பாமல் மறுத்தாலும் அதே தவறு. நிபந்தனைக் கேள்விகளின் தவறான விடைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வடிவங்களில் ஒன்றாகவே இருக்கும்.

அளவைச் சொற்களுக்கும் தேர்வில் தனிப் பொருள் உண்டு. சம் (சில) என்றால் குறைந்தது ஒன்று, அனைத்தும்கூட இருக்கலாம். நாம் "சிலர் வந்தார்கள்" என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார், தேர்வில் அப்படி எடுக்கக் கூடாது. மோஸ்ட் (பெரும்பாலான) என்றால் பாதிக்கு மேல், அதிலும் அனைத்தும் அடங்கலாம்.

ஒரு பத்தியை எடுத்துச் செய்யும் முறை

1. கேள்விகளின் முதல் வரியை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள், விடைகளைப் படிக்க வேண்டாம். என்ன வகைக் கேள்விகள் என்று தெரிந்தால் போதும். 10 முதல் 15 வினாடி.

2. பத்தியை ஒரே மூச்சில் படியுங்கள். முடிவுக்கு அடிக்கோடு. "ஆனால்" வகைச் சொல்லுக்கு வட்டம், ஏனென்றால் ஆசிரியர் பிறர் கருத்தைச் சொல்லி முடித்துத் தன் கருத்துக்கு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

3. கேள்வியைப் படித்து, எந்த முடிவைப் பற்றிக் கேட்கிறது என்று உறுதிசெய்யுங்கள். நாட் (அல்ல), எக்ஸெப்ட் (தவிர) போன்ற சொற்களைக் கட்டம் கட்டுங்கள்.

4. விடைகளைப் பார்க்கும் முன், இடைவெளி என்ன என்று ஐந்தாறு சொற்களில் மனதுக்குள் சொல்லுங்கள். "மழையாக இருக்கலாமே" என்பது போல. இதைத் தவிர்த்துவிட்டு நேராக விடைகளுக்குப் போகிறவர், நான்கு விடைகளும் இழுக்கிற பக்கமெல்லாம் போவார்.

5. நான்கையும் படித்து நீக்குங்கள். (அ) சரியாகத் தெரிந்தாலும் (ஈ) வரை படியுங்கள்.

6. இரண்டு மிஞ்சினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பாருங்கள். ஒரு சொல்லில்தான் இருக்கும்: சில, பெரும்பாலான, எப்போதும், காரணம், வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பத்தியில் ஆதாரம் உண்டா என்று தேடுங்கள்.

தவறான விடைகளுக்கும் ஒரு குடும்பம் உண்டு. உலகத்தில் உண்மை, ஆனால் பத்தியில் இல்லை. பத்தியில் உண்டு, ஆனால் கேட்டது அதுவல்ல. பத்தி சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகச் சொல்வது. பத்தியின் சொற்களையே எடுத்து உறவை மாற்றிப் போடுவது. எதிர்த்திசை, அதாவது பலவீனப்படுத்தச் சொன்னால் பலப்படுத்துவது. சட்டம், அரசியல் பற்றிய பத்திகளில் முதல் வகைதான் அதிகம் ஏமாற்றும். நன்றாகச் செய்தி படிக்கும் மாணவர், தனக்குத் தெரிந்ததைப் பத்திக்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

நேரமும் மைனஸ் மார்க்கும்

24 கேள்விகள், நான்கு பத்திகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பத்திக்கு 7 நிமிடம் நியாயமான கணக்கு. 450 சொற்களைப் படிக்க இரண்டரை நிமிடம், ஆறு கேள்விகளுக்குத் தலா 45 வினாடி. மொத்தம் 28 நிமிடம். இரண்டரை நிமிடத்தில் 450 சொற்கள் என்றால் நிமிடத்துக்கு 180 சொல் வேகம். தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்குத் தடையாக இருப்பது தருக்கத்தைவிட இந்த வாசிப்பு வேகம்தான். தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்து, முடிவையும் இரண்டு ஆதாரங்களையும் தமிழில் எழுதிப் பார்ப்பது இரண்டுக்கும் சேர்ந்த பயிற்சி.

சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. கணக்குப் போட்டால், நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி வரவு 0.06 அளவுதான், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு விடையை நீக்க முடிந்தால் 0.17 ஆகிறது. இரண்டை நீக்கினால் 0.375. ஆகவே இரண்டு விடைகள் மிஞ்சிய கேள்வியைப் பயந்து விட்டுவிடுவது நஷ்டம். பத்தியையே படிக்காத கேள்விகளை வரிசையாகக் குறித்துத் தள்ளுவதில் லாபம் இல்லை.

விடைகளைக் குறிக்கும் ஓஎம்ஆர் தாளை ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிரப்புங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு மொத்தமாகத் தள்ளிவைத்தால், ஒரு வரி தவறிப்போனால் அதன் கீழுள்ள அத்தனையும் தவறும்.

பயிற்சியில் எங்கே தவறுகிறது

தினம் ஐம்பது கேள்வி போட்டும் மதிப்பெண் நகரவில்லை என்றால், போட்டதைத் திருப்பிப் பார்க்காததே காரணமாக இருக்கும். கூட்டமைப்பின் இணையதளத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் கிடைக்கின்றன. எல்சாட் நடத்தும் அமைப்பும் சில முழுத் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. பயிற்சி நிறுவனங்களின் மாதிரித் தாள்களைவிட இவற்றின் விடைகள் கூர்மையானவை. அதனால் குறைவாக இருந்தாலும் இவற்றையே இரண்டு முறை செய்யலாம்.

முதல் முறை கடிகாரத்தோடு. சந்தேகமான கேள்விகளுக்கு ஒரு புள்ளி. விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன், புள்ளி வைத்தவற்றை நேரக் கணக்கு இல்லாமல் மீண்டும் செய்யுங்கள். இரண்டாம் முறை சரியானால் உங்கள் சிக்கல் வேகம். இரண்டு முறையும் தவறானால் சிக்கல் புரிதல். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பிறகு ஒரு நோட்டில் தவறான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரிகள்: வாதத்தின் இடைவெளி என்ன, நான் குறித்த விடை ஏன் தவறு, சரியான விடையை நான் ஏன் நீக்கினேன். மூன்றாவது வரியை எழுதத்தான் கை வராது, அதிகம் கற்றுத்தருவதும் அதுதான். நாற்பது, ஐம்பது கேள்விகள் சேர்ந்ததும் நோட்டைப் புரட்டினால், "கூடுதலாகச் சொல்லும் விடை" என்றோ "வேறு முடிவைத் தொடும் விடை" என்றோ ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த வாரப் பயிற்சிக்கு அந்த ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.